மூடாத தலை

என் புருஷன் என் தலைமுடியை முருகனுக்கு நேர்ந்துவிட்ட விஷயம் எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த இடம் சுங்கை பூலோ ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல். உள்ளே எங்கள் ஒரே மகள் விஷ்ணுப்ரியா, பத்து வயது, வாய்க்கும் மூக்குக்கும் சேர்த்து மாட்டிய காற்று முகமூடியோடு கிடந்தாள். டிங்கி காய்ச்சல். இரண்டாவது தடவை.

போன வருடம் முதல் தடவை வந்தபோது எங்கள் ஊர் கிள்ளானிலேயே சேர்த்தோம். பப்பாளி இலைச் சாறு குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, குடித்ததையும் அப்பா சட்டையிலேயே துப்பிவிட்டு, ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்தத் தடவை அடம்பிடிக்கக்கூடத் தெம்பில்லை. கிள்ளானிலிருந்து ஆம்புலன்சில் இங்கே மாற்றினார்கள்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். பொறுமையாகச் சொன்னார். டிங்கியில் பல வகை உண்டாம். ஒரு வகை வந்துபோன உடம்பில் வேறொரு வகை நுழைந்தால் ஆபத்து அதிகமாம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து நெஞ்சைச் சுற்றித் தேங்குகிறது, அதனால் மூச்சு வாங்குகிறது. அந்தக் கசிவை நிறுத்த மருந்து கிடையாது. உடம்புக்கு வேண்டிய நீரை அளந்து கொடுத்துவிட்டு, கசிவு தானாக நிற்கக் காத்திருக்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டர் போனதும் என் புருஷன் நாகையா தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டருக்கு இது தெரியாதுலா ரமணி. இது வேற."

"என்ன வேற?"

"போன வருசம் பிள்ளைக்கு முடியாம இருந்தப்போ பத்துமலைக்குப் போனேன்ல. அன்னிக்கு நேர்ந்துகிட்டேன். பிள்ளை பொழச்சா முடி எறக்குறேன்னு."

நான் அவர் தலையைப் பார்த்தேன். முப்பது வயதிலேயே முன்னாலும் பின்னாலும் கழன்றுவிட்டது. காதோரம் இருப்பதை எடுத்துக் கொடுத்தால் சாமியே கோபித்துக்கொள்ளும்.

"உங்ககிட்ட எங்கங்க முடி இருக்கு?"

அவர் தரையைப் பார்த்தார். "உன் முடியை."

எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம் உட்கார்ந்திருந்தது, அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. வீட்டுல இருக்குறதுலயே அழகானது அதுதானே. அதைக் குடுத்தாத்தான் சாமி கேக்கும்னு தோணுச்சு. பிள்ளை எந்திரிச்சு வந்துட்டா. உன்கிட்டச் சொல்லப் பயம். இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். இப்போ பாரு." கதவுப் பக்கம் கை காட்டினார். "குடுக்காம விட்டதுக்குத் திரும்ப வந்து கேக்குது, ரமணி."

அவருக்கு என்னிடம் பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. நான் இரட்சிக்கப்பட்டவள். மகளுக்கு விஷ்ணுப்ரியா என்று பேர் வைத்த காலத்தில் நானும் கோயிலுக்குப் போனவள்தான். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது என் கூட வேலை செய்யும் ராஜம்மா அக்கா பிரிக்பீல்ட்ஸில் ஒரு சபைக்கு அழைத்துப் போனார். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி, முப்பது பேர் கொள்ளும். அங்கேதான் எனக்கு நிம்மதி கிடைத்தது. தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தேன். நாகையா தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அங்கே அப்பம் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நல்ல மனுஷன்தான், அதனால்தான் அன்றைக்கு அடிக்க முடியவில்லை.

எங்கள் சபையில் கட்டுப்பாடு அதிகம். கூட்டத்தில் பெண்கள் வாய் திறக்கக் கூடாது, நகை போடக் கூடாது, முக்காடு இல்லாமல் ஜெபிக்கவே கூடாது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை வைத்துச் சொல்வார்கள். தலையை மூடாமல் ஜெபிக்கிற பெண் தலையைச் சிரைத்துக்கொண்டவளுக்குச் சமமாம், நீண்ட முடி பெண்ணுக்கு மகிமையாம். எனக்கு இதெல்லாம் பாரமாகத் தோன்றியதில்லை. எப்படியும் நான் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள், பகலெல்லாம் தலையில் வலைத்தொப்பி. ஜெபத்துக்கு வெள்ளை முக்காடு. இடுப்புக்குக் கீழே தொங்கும் என் முடியை முழுசாகப் பார்த்தவர் நாகையா ஒருவர்தான். பார்த்தவர் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

"நான் மாட்டேன்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிற மனுஷன், கை இரண்டும் உலக்கை மாதிரி இருக்கும். அந்தக் கை ஜன்னல் விளிம்பை விடவேயில்லை.

அன்று இரவு முழுக்க நான் முக்காட்டை எடுக்கவேயில்லை. ஜெபித்தேன், ஜெபித்தேன், ஜெபித்தேன். வாய் உலர்ந்துபோனது. என் பயம் எனக்கே வெட்கமாக இருந்தது. முருகன் வந்து பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நம்பவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதுவரை நம்பியவள். சின்ன வயதில் ஏறிய பயம் தண்ணீரில் முங்கி எழுந்ததால் போய்விடுமா? முடியைக் கொடுத்துப் பிள்ளை பிழைத்தால் நான் என் ஆண்டவரை விட்டுக்கொடுத்தவள். கொடுக்காமல் பிள்ளை போனால் காலத்துக்கும் நாகையா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். நானும் கண்ணாடியில் அந்த முடியைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சபையில் காலையில் உபவாச ஜெபம், ப்ரியாவுக்காகவே வைத்திருந்தார்கள். நாகையாவை ஆஸ்பத்திரி வாசலில் உட்கார வைத்துவிட்டு நான் கொமுட்டர் ரயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி நடந்தேன். மாடியில் வெள்ளை முக்காடுகள் வரிசையாகக் குனிந்திருந்தன. ராஜம்மா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எல்லோரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் என் பிள்ளைக்காக மன்றாடுகிறவர்கள். அவர்களுக்கு நடுவில் நான் ஒரு திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்ததும் குகன் பிரதரை மாடிப்படியில் நிறுத்தினேன். சபையை நடத்துகிறவர் அவர்தான். ஷா ஆலமில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். தபாலில் வேதபாடம் படித்தவர், கிரேக்கம் கற்றவர். ஒரு கிரேக்க வார்த்தையாவது இல்லாமல் அவருக்குப் பிரசங்கம் இறங்காது. எங்களுக்கு அது புரியாவிட்டாலும் கேட்கப் பெருமையாக இருக்கும்.

நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"சிஸ்டர், இது சோதனை. நீங்க உறுதியா இருக்கணும்."

"உறுதியாத்தான் இருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. தலை மூடாம ஒரு பொம்பளை ஜெபிச்சா ஆண்டவர் காதுல விழாதா?"

"விழாதுன்னு வசனம் சொல்லல. தலைக்கு அவமானம்னு சொல்லுது."

"யாரு தலைக்கு?"

"பெண்ணுக்குத் தலை புருசன். அவருக்கு அவமானம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது தப்புதான். "அந்தப் புருசன்தான் பிரதர் செரைக்கச் சொல்லி நேர்ந்துட்டு வந்து நிக்கிறாரு. நான் யாரு பேச்சைக் கேக்கட்டும்?"

 அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மூடாத தலைக்கு ஒரு கிரேக்க வார்த்தை சொன்னீங்களே, அன்னிக்குப் பிரசங்கத்துல. அதுக்கு உண்மையா என்ன அர்த்தம்?"

"அகட்டகலுப்டோஸ்." வார்த்தை வந்ததும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "தலைக்கு மேலேருந்து கீழ வரைக்கும் எறங்கி மூடுற ஒண்ணு இல்லாம இருக்குறது. துணின்னு நாம எடுத்துக்குறோம். முடிய அவுத்து விரிச்சுப் போட்டுக்குறதைத்தான் சொல்லுதுன்னு சில அறிஞருங்க சொல்றாங்க. இன்னும் முடிவாகல."

"முடிவாகலையா?"

"இல்ல."

இத்தனை வருடம் முடிவாகாத ஒன்றுக்கா நான் முக்காட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "வேற எங்கயாவது வருதா அந்த வார்த்தை?"

அவர் கைப்பேசியை எடுத்துத் தேய்த்தார். கொஞ்ச நேரம் படித்தார். படித்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போடப் பார்த்தார்.

"சொல்லுங்க பிரதர்."

"பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்துல மொழிபெயர்த்தாங்க. அதோட ஒரு பழைய பிரதியில ஒரு எடத்துல வருது." தயங்கினார். "குஷ்டரோகிக்கான சட்டத்துல. குஷ்டரோகி துணியக் கிழிச்சுக்கணும், தலை மூடாம இருக்கணும், தீட்டு தீட்டுன்னு கத்திக்கிட்டு ஜனங்க இருக்குற பாளையத்துக்கு வெளிய தனியாக் கெடக்கணும். அந்த மூடாத தலைக்கு இதே வார்த்தை."

"அவன் கத்துறது யாருக்கு?"

"மத்தவங்க கிட்ட வந்துடாம இருக்குறதுக்கு."

நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன். கீழே கடைக்காரர் யாரோ ஒருவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் சோதித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," குகன் மெதுவாகச் சொன்னார், "நீங்க அதைச் செஞ்சீங்கன்னா முடி வளர்ற வரைக்கும் அப்பம் பிட்குறதுல உங்களுக்குப் பங்கு குடுக்க முடியாது. சபை ஒழுங்கு. நான் ஒருத்தன் நெனச்சு மாத்த முடியாது." அவர் கண்ணில் நீர் நின்றது. கெட்டவர் இல்லை.

"முடி வளரும் பிரதர்" என்றேன். "பிள்ளை?"

திரும்பும் ரயிலில் எனக்கு அந்தக் குஷ்டரோகி ஞாபகமாகவே இருந்தது. சுங்கை பூலோவில் அந்தக் காலத்தில் அவர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு இருந்தது, நாடு முழுவதிலுமிருந்து பிடித்துக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்தப் பக்கம் பூச்செடி விற்கும் தோட்டங்கள். நாகையா அங்கேதான் எங்கள் அடுக்குமாடி பால்கனிக்குக் காகிதப்பூச் செடி வாங்குவார். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கிடந்தவர்களும் கத்தியிருப்பார்கள். அவர்களில் எந்தப் பெண் முக்காட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்? சுவிசேஷத்தில் வருகிற குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கத்தினார்கள். ஒழுங்கில்லாமல், தலை மூடாமல். ஆண்டவருக்குக் கேட்டது. ஒருவனை அவர் தொடவும் செய்தார். இதையெல்லாம் நான் பலமுறை வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் பக்கத்துச் சீட்டில் வந்து உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நாகையா எழுந்து நின்றார்.  நான் உள்ளே போய் டாக்டரைப் பார்த்தேன். ப்ரியாவுக்கு நினைவு குழம்ப ஆரம்பித்திருந்தது. யாரையும் அடையாளம் தெரியவில்லை. முகமூடியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறாள். இப்படியே அவள் போராடினால் மூச்சு இன்னும் தளரும், மயக்க மருந்து கொடுத்துத் தொண்டையில் குழாய் விட வேண்டியிருக்கும் என்றார். குழாய் விட்டால் பிறகு எப்படி என்று கேட்டேன். டாக்டர் என் தோளில் கை வைத்தார். டாக்டர்கள் தோளில் கை வைத்தால் நல்லதற்கில்லை.

வெளியே வந்து நாகையாவிடம், "நான் பத்துமலைக்குப் போறேன்" என்றேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானும் வரேன்."

"நீங்க இங்கயே இருங்க. பிள்ளை கேட்டா யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"ரமணி, சாமி பேரை மட்டும் மனசுல..."

"அதை மட்டும் சொல்லாதீங்க. முடிதான் நீங்க நேர்ந்தது. மனசை நேரல."

நான் விசுவாசத்தில் போகவில்லை, அவிசுவாசத்திலும் போகவில்லை. பயத்தில் போனேன். வீடு பற்றி எரியும்போது எந்த வாளி யாருடையது என்று பார்ப்பதில்லை. கிராப் வாடகைக் கார் ஓட்டிய சீன அங்கிள் தைப்பூசமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

முடி இறக்கும் இடத்தில் கூட்டம் இல்லை. ஒரு கைக்குழந்தை மொட்டைக்கு அழுதுகொண்டிருந்தது. முடி இறக்கும் அண்ணன் என் பின்னலைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"இவ்வளவு நல்ல முடி. பூ முடி குடுத்தாப் போதும்மா. நுனியில கொஞ்சம் எடுத்துக்கலாம். நெறையப் பேர் அப்படித்தான் செய்றாங்க."

அப்படி ஒரு வழி இருப்பதே நாகையாவுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் அவர் அப்படி நேர்ந்திருக்க மாட்டார். அரைகுறையாக எதையும் செய்கிற மனுஷன் இல்லை. நுனியில் கொஞ்சம் எடுத்தால் சபைக்கும் தெரியாது, ஒரு வம்பும் இல்லை. அந்தச் சந்தில் நுழைந்துவிடலாமா என்று மனசு ஒரு நிமிடம் துடித்தது. பிறகு அந்தக் காற்று முகமூடி ஞாபகம் வந்தது.

"முழுசா எடுங்கண்ணே."

"சாமிய நெனச்சுக்கம்மா" என்று தண்ணீர் தெளித்தார்.

எந்தச் சாமியையும் நினைக்க முடியவில்லை. ஆண்டவரைக் கூப்பிட வாய் வரவில்லை, முருகனைக் கூப்பிட மனம் வரவில்லை. கத்தி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. மடியில் முடி விழுந்துகொண்டே இருந்தது. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன். அண்ணன் சந்தனம் பூச வந்தார். வேண்டாம் என்றேன். அவர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டார்.

வெளியே வெயில் நேராகத் தலையில் இறங்கியது. காற்று பட்டதும் உடம்பெல்லாம் கூசியது. நடுத்தெருவில் உடுப்பில்லாமல் நிற்கிறவளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. பையில் வெள்ளை முக்காடு இருந்தது. கை அதைத் தேடிப் போனது, நானேதான் கையை இழுத்துக்கொண்டேன். இந்தத் தலையை மூடினால் ஒன்றும் நடக்காதது போல நான் உள்ளே இருக்கிறவளாக நடிப்பேன். நான் இப்போது வெளியே இருக்கிறவள். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

நாகையா என்னைத் தூரத்திலேயே பார்த்தார். எழுந்தார். என் எதிரில் வந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார்.

"என்னைக் கும்பிடாதீங்க" என்றேன். "கையை எறக்குங்க."

இறக்கினார். என் தலையைத் தொடக் கை நீட்டி, தொடாமலே எடுத்துக்கொண்டார். இரண்டு மொட்டைத் தலைகள் எதிரெதிரே நின்றன. வேறு நாளாக இருந்தால் ப்ரியா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

நர்ஸ் மிஸ்ஸி கதவைத் திறந்து, "விஷ்ணுப்ரியா அம்மா?" என்று என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். நான்தான் என்றேன். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. குழாய் விடுவதற்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று, அதற்கு முன்னால் அம்மா ஒருமுறை பேசிப் பார்க்கட்டும், பிள்ளை அமைதியானால் இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றாள். பையை வெளியே வைக்கச் சொன்னாள். மேலங்கியும் முகக்கவசமும் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

ப்ரியாவின் முகம் வீங்கியிருந்தது. மிஸ்ஸி ஒருத்தி அவள் கையைப் பிடித்திருந்தாள், மற்ற கை முகமூடியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நான் குனிந்தேன்.

"ப்ரியா. கண்ணு. அம்மா வந்துட்டேன்."

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் பயம் எழுந்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். படுக்கையின் மறுபக்கம் உடம்பை இழுத்துக்கொண்டு, முகமூடியைத் தள்ளிவிட்டு, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்:

"அங்கிள்... அம்மாவக் கூப்புடுங்க அங்கிள்... அம்மாவக் கூப்புடுங்க."

பக்கத்தில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. டாக்டர் குழாய் எடுத்து வைத்திருந்த மேசைப் பக்கம் திரும்பினார். நான் அம்மாதான், அம்மாதான் என்று சொல்லச் சொல்ல அவள் இன்னும் பயந்து திமிறினாள். பிள்ளை பிழைக்கக் கொடுத்ததே பிள்ளையிடமிருந்து என்னை மறைத்துவிட்டது. முக்காடு பையோடு வெளியே கிடக்கிறது. அவளுக்கு நான் யாரோ ஒரு மொட்டைத்தலை ஆள். இந்த நிமிடத்தில் அவளுக்கு வேண்டியது நான், நான்தான் அங்கே இல்லை. எனக்கு இனிமேல் செய்ய ஒன்றும் மிச்சமில்லை, கொடுக்கவும் ஒன்றும் மிச்சமில்லை.

அவள் காதோரம் வாயை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். படுக்கப் போகும்போது அவள் நெற்றியில் கை வைத்துச் சொல்கிற ஜெபம்தான் வந்தது, ஒரு சொல்லும் மாறாமல்.

"ஆண்டவரே, இன்னிக்கு நாள் முடிஞ்சிருச்சு. ப்ரியா பல்லு வெளக்கிட்டா. வீட்டுப்பாடம் முடிச்சிட்டா, கணக்கு மட்டும் பாக்கி. அப்பா லோரிய நல்லபடியா ஓட்டிட்டு வந்துட்டாரு. கீழ் வீட்டுப் பூனை அஞ்சு குட்டி போட்டிருக்கு, அதுங்களையும் பாத்துக்கங்க. ப்ரியா இன்னிக்கு ஒரு பொய் சொன்னா, அதை மன்னிச்சிருங்க. அம்மா ரெண்டு தடவை கத்துனேன், அதையும் மன்னிச்சிருங்க. ராத்திரி கெட்ட கனவு வராமப் பாத்துக்கங்க."

ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து தலை மூடாமல் நான் சொன்ன முதல் ஜெபம் அது. கேட்குமா கேட்காதா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கையில் அவள் கை திமிறுவதை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். பூனைக்குட்டி வந்த இடத்தில் அது கொஞ்சம் நின்றது. மன்னிப்பு வந்த இடத்தில் விரல் என் விரலைத் தேடியது. டாக்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜெபம் முடிகிற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். வீட்டில் அந்த இடத்தில் நான் எப்போதும் நிறுத்துவேன், மிச்சத்தை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் தூங்கிவிட்டால் மறுநாள் காலையில் கேலி செய்வேன். அவள் மூச்சு மேலும் கீழுமாக இழுத்தது. இன்னொரு மூச்சு. அதற்கு அடுத்தது. 

"ஆமென்" என்றாள் ப்ரியா. கண்ணைத் திறக்காமலே, ஒட்டிப்போன உதட்டில், "ஆமென் மா" என்றாள்.